ஒரே ஒரு டின் மழைப்பச்சை

கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் ஒரே நாற்காலி. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் பெரிய மருமகள். வேறு யாராவது அதில் உட்கார்ந்தால், சும்மா செருப்பு வாரை இழுத்துவிட உட்கார்ந்தால்கூட, அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

பெயிண்ட் கடை அது. முன்பக்கம் டின்களும் பிரஷ்களும் ரோலர்களும். நடுவில் கலர் கலக்கும் மெஷின். அதை ஒட்டினாற்போல் கம்ப்யூட்டர். பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு குடோன். வெள்ளை பெயிண்ட் டின்னைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைத்து, கேட்ட கலரின் நம்பரைத் தட்டினால், எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று கம்ப்யூட்டர் சொல்லும், மெஷின் விடும். டின்னை மூடிக் குலுக்கும் மெஷினில் ஏற்றி இறக்கினால் கலர் தயார். அந்தச் சொட்டுக் கணக்கைச் சொல்கிற புரோகிராமை எழுதியவள் பெரியவள்தான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தட்டிக்கொடுத்து மறு கையால் டைப் அடித்து எழுதியது. பெயிண்டர்கள் அவளை 'கம்ப்யூட்டரக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமனார், கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க பெரியவ எழுதினதாக்கும்" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

ஒரு குறை உண்டு, மறைப்பானேன். புரோகிராம் மெதுவு. மெதுவு என்றால் அப்படி ஒரு மெதுவு. நம்பரைத் தட்டினால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கலர் பட்டியலைத் திறக்கும். அப்புறம் வாடிக்கையாளர்களுக்கென்று செய்த தனிக் கலர்களைத் துழாவும். அப்புறம் பெரியவள் செய்த திருத்தங்களைப் பார்க்கும். டின் அளவுக்குத் தகுந்தபடி பெருக்கி வகுத்து, ஆற அமர வந்து பதில் சொல்லும். அதற்குள் பெயிண்டர் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதே கலரில் இன்னொரு டின் வேண்டுமென்றால் மறுபடியும் முதலிலிருந்து. யாராவது முணுமுணுத்தால், "அவசரப்பட்டா கலர் வருமா?" என்று ஒரே போடு போடுவாள். எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. இன்னொரு மருமகள் வந்து சேரும்வரை.

சின்னவள் வந்த புதிதில் ஒரு முக்காலியைப் போட்டுப் பெரியவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் படித்தது இதே படிப்புதான். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். அந்தச் சிரிப்பே பெரியவளுக்கு ஆகவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கிறாள்?

ஒருநாள் கேட்டாள்: "அக்கா, காலையில கேட்ட கலரையேதான் சாயங்காலம் வரைக்கும் கேக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் அது டிஸ்க் வரைக்கும் போய்ட்டு வரணுமா?"

"பின்ன, மனப்பாடம் பண்ணியா வெச்சுக்கும்?"

"ஆமாக்கா. அதேதான்!" என்றாள் சின்னவள், கண் விரிய.

மாமனார் காதில் இது விழுந்துவிட்டது. வேகம் என்று யாராவது சொன்னால் போதும், அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். சின்னவள் அவருக்கு விளக்கினாள். கம்ப்யூட்டரின் மெமரியில் ஒரு மூலையை ஒதுக்குவது. கலர் நம்பரையும் டின் அளவையும் சேர்த்து ஒரு பெயராக வைத்துக்கொள்வது. அந்தப் பெயருக்கு நேரே சொட்டுக் கணக்கு. முதல் தடவை கேட்கும்போது டிஸ்க்கில் தேடட்டும். தேடிக் கிடைத்ததை மெமரியில் போட்டுவைத்துக்கொண்டால், அடுத்த தடவை பெயரைச் சொன்னதும் நீட்டிவிடும்.

"பெரிய பெரிய எடத்துல இதுக்குன்னு தனி மெஷினே வெச்சிருப்பாங்க மாமா. நமக்கு எதுக்கு? ஒரே கடை, ஒரே கம்ப்யூட்டர். அக்கா எழுதின புரோகிராமுக்குள்ளயே ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். கரண்ட் போனா எல்லாம் மறந்துடும். மறந்தா என்ன, டிஸ்க்லதான் பத்திரமா இருக்கே, மறுபடி கத்துக்கும்."

பெரியவள் ஓட்டை தேடினாள். "அந்த மூலை நெறைஞ்சு போச்சுன்னா?"

"ரொம்ப நாளா யாரும் கேக்காத கலரைத் தூக்கி வெளிய போட்டுடும் அக்கா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் பெரியவளுக்குச் சுருக்கென்றது. ரொம்ப நாளா யாரும் கேக்காததைத் தூக்கி வெளிய போட்டுடும். நல்லா இருக்குடியம்மா உன் நியாயம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சின்னவள் எழுதி முடித்துவிட்டு, "ஒரு தடவை பாத்துக் குடுங்கக்கா" என்று கெஞ்சினாள். "நீ பண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றாள் பெரியவள். அதை எந்தத் தொனியில் சொன்னாள் என்பதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை முதல் பெயிண்டர் வந்தார். முதல் டின் வழக்கம்போல் ஆடி அசைந்து வந்தது. இரண்டாவது டின்னுக்கு நம்பரைத் தட்டி விரலை எடுப்பதற்குள் மெஷின் சொட்டு விட ஆரம்பித்துவிட்டது. பெயிண்டர் டீக்கடைப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். "அட! கடையில மின்னலடிக்குதே!" என்றார். அன்றிலிருந்து சின்னவள் பெயர் மின்னல். மாமனார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "இன்னொரு டின் போட்டுக் காட்டும்மா" என்பார். சர்க்கஸ்தான் நடந்தது.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பூசி மெழுகுவானேன், பொறாமைதான். சுத்தமான, தண்ணீர் கலக்காத பொறாமை. இத்தனை வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த புரோகிராம். அதன் மூலையில் ஒருத்தி நாலு வரி எழுதிவிட்டு மின்னலாகிவிட்டாள். எழுதியவள் வெறும் அக்கா. கூட்டத்தில் பெயிண்டர் ஒருவர், "கம்ப்யூட்டரக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க, மின்னலு வரட்டும்" என்றார் பாருங்கள், அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த வாரத்தில்தான் சின்னவள் அவளிடம் ஒன்று சொல்ல வந்தாள். "அக்கா, நீங்க சாயத்தைத் திருத்தறது பின்னாடி இருக்கற ஜன்னல் வழியா நேரா டிஸ்க்ல போகுது. அது மெமரிக்குத் தெரியாது. அதனால உங்களுக்குன்னு ஒரு..."

இந்தத் திருத்தம் என்பதைச் சொல்லியாக வேண்டும். சாயம் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கொஞ்சம் அழுத்தம், ஒன்று கொஞ்சம் சோகை. புது டிரம் திறந்தால் பெரியவள் அட்டையில் ஒரு பட்டை தீட்டி, முடி உலர்த்தும் மெஷினால் காய வைத்து, வாசல் வெளிச்சத்தில் பழைய அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள். பார்த்த பார்வையிலேயே "மஞ்சள் ரெண்டு சொட்டு ஜாஸ்தி" என்பாள். சொன்னால் சொன்னதுதான். அந்தத் திருத்தத்தைப் போட அவள் புரோகிராமில் முறையாக ஒரு பக்கம் கிடையாது. புரோகிராமுக்குப் பின்னால், திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, பட்டியலுக்குள்ளேயே கையை விட்டு மாற்றுவாள். அவளுக்கு மட்டுமே தெரிந்த வழி. அதிலும் இவள் மூக்கை நுழைக்கிறாளா?

"தெரியும் தெரியும். குலுக்கற மெஷின்ல டின் ஏறியிருக்கு, நான் போறேன்" என்று பாதியிலேயே எழுந்து, குலுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்தச் சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்காது. அதற்காகத்தான் போனாள்.

இரண்டு நாள் கழித்து, திரையின் கீழ் மூலையில் ஒரு பட்டன் முளைத்திருந்தது. வட்டமாக, மஞ்சளாக. அதன்மேல் 'அக்கா' என்று எழுதியிருந்தது. பெரியவளுக்கு அதைப் பார்த்ததும் காதில் புகை வந்தது. ஓஹோ! நாற்காலியை நீ எடுத்துக்கிட்டு, எனக்கு மூலையில ஒரு பட்டனா? பொம்மை வாங்கிக் குடுத்துக் கொழந்தையைச் சமாதானம் பண்றியா? அதன் பக்கம் மவுஸைக்கூட நகர்த்துவதில்லை என்று சபதமே செய்துகொண்டாள்.

சின்னவள் ஒருமுறை கேட்கத்தான் செய்தாள். "அக்கா, பட்டன் ஒழுங்கா வேலை செய்யுதா?"

"ஓ, ஜோரா செய்யுது" என்றாள் பெரியவள், கண்ணைக்கூடத் தூக்காமல்.

அதற்கப்புறம் சின்னவள் கேட்கவில்லை. பெரியவளும் திருத்தங்களைச் சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் போடுவதே வழக்கம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனால் காலையில் மெமரி காலியாக இருக்கும். ஆகவே எந்த வம்பும் வரவில்லை.

ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. குழந்தைகள் பிரிவுக்குப் புதுக் கட்டடம். அறைகளை ஒட்டிப் போகும் நீளமான ஒரு நடையின் சுவர் முழுக்க ஒரே கலர். கலரின் பெயர் மழைப்பச்சை. மேஸ்திரி ஆட்களோடு காத்திருந்தார். வார முடிவுக்குள் சுவர் தயாராக வேண்டும், கட்டில்கள் வந்து இறங்கப்போகின்றன. மாமனார் அன்று சாப்பாட்டு மேஜையில் எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஆர்டரை மட்டும் சின்னவ நல்லபடியா முடிச்சிட்டான்னா, இனிமே மெஷின் அவ பொறுப்பு. பெரியவ பாவம், எத்தனை வருஷமா உக்காந்து உக்காந்து முதுகு போச்சு. குடோனைப் பாத்துக்கட்டும்."

பாவமாம்! முதுகாம்! பெரியவள் தட்டைப் பார்த்தபடியே, "உங்க இஷ்டம் மாமா" என்றாள். ஜன்னல் இல்லாத அந்தக் குடோன் அவள் கண்முன் வந்து நின்றது. அறைக்குப் போனதும் கணவரிடம் வெடித்தாள். அவர், "விடும்மா, அங்க ஃபேன் போட்டுத் தரேன்" என்றார். இந்த ஆம்பளைகளுக்கு எதைச் சொன்னாலும் ஃபேன்தான் ஞாபகம் வரும்.

ஆர்டர் அன்று காலை சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து முதல் டின்னைப் போட்டாள். அந்த டின்னோடு மஞ்சள் டிரம் காலியாகிவிட்டது. புது டிரம்மைத் திறந்தார்கள். பெரியவள் அட்டை தீட்டினாள், உலர்த்தினாள், வாசலுக்குப் போனாள். அழுத்தமான மஞ்சள். மழைப்பச்சைக்கு முப்பத்திரண்டு சொட்டு விட்டால் மழை இருக்காது, மஞ்சள் காமாலைதான் இருக்கும்.

"எழுந்திரு ஒரு நிமிஷம்."

சின்னவள் உடனே எழுந்து நின்றாள். பெரியவள் கறுப்பு ஜன்னலைத் திறந்து முப்பத்திரண்டை இருபத்தேழாக்கி மூடினாள். அந்த ஒரு நிமிஷம் நாற்காலி எவ்வளவு சுகமாக இருந்தது.

"முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுது."

சின்னவள் உட்கார்ந்தாள், நம்பரைத் தட்டினாள், மெஷின் மின்னலாய்ச் சொட்டு விட்டது. டின்மேல் ஒட்ட, சொட்டுக் கணக்கு அச்சிட்ட லேபிள் வெளியே வந்தது. சின்னவள் அதைக் கிழித்து ஒட்டினாளே தவிர, படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவள் எட்டிப் படித்தாள்.

மஞ்சள்: முப்பத்திரண்டு.

அவளுக்கு விளக்கவா வேண்டும்? புரோகிராம் எழுதியவள் ஆயிற்றே. டிஸ்க்கில் புதுக் கணக்கு, மெமரியில் காலையில் போட்ட முதல் டின்னின் பழைய கணக்கு. மெஷின் மெமரியைக் கேட்டு விடுகிறது. டிஸ்க்கில் மாறியது மெமரிக்குத் தெரியாது. இவ்வளவுதானா உன் மின்னல்? இப்படி ஒரு ஓட்டையை வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் ஆட்டம் போட்டே? பெரியவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் முதுகு நிமிர்ந்தது.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு டின். ஒரே ஒரு டின் தப்பாகப் போகட்டும். மேஸ்திரி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மின்னலு, கலர் மாறிப்போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்கட்டும். மாமனார் விழிக்கட்டும். அப்போது நாம் போய், 'தள்ளும்மா, நான் பாக்கறேன்' என்று சொல்லலாம். ஒரு டின் பெயிண்ட் என்ன பெரிய விஷயம், வீட்டுக் கழிவறைக்கு அடித்துவிட்டால் போகிறது. இப்படியாக அவள் கணக்குப் போட்டாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. கணவர். மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போகும் நாள் அது. மாமியார் காரில் ஏறி உட்கார்ந்து, ஏற்கெனவே சலித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். பெரியவள் ஒரு காலை வாசலில் வைத்துத் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் அடுத்த டின்னை வைத்துக்கொண்டிருந்தாள். போய்ச் சொல்லிவிட்டு வர எவ்வளவு நேரமாகும்? "வரியா இல்லையா?" என்றார் கணவர். போய் ஏறிக்கொண்டாள்.

கண் டாக்டர் வீட்டு முன்னறையில் மாமியாருக்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்திருந்தார்கள். பெரியவள் போனைக் கையில் எடுத்தாள். சின்னவள் பெயர் வரை போனாள். இப்போது கூப்பிட்டால், 'எப்படிக்கா தெரியும்?' என்று கேட்பாள். லேபிளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். 'அப்பவே ஏன் சொல்லல?' அதற்கு என்ன சொல்வது? போனைப் பைக்குள் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தாள். இப்போது சொன்னால் இன்னும் கேவலம். மறுபடி உள்ளே போட்டாள். "என்னடி, போனை எடுக்கற வைக்கற? உனக்கும் கண்ணுல ஏதாவது கோளாறா?" என்றார் மாமியார், மூடிய கண்ணோடு.

கடைக்குத் திரும்பியபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. மெஷினைச் சுற்றி ஒரு டின்கூட இல்லை.

"எல்லாம் போயிடுச்சுக்கா! காலையில ஒரு லோடு, மத்தியானம் ஒரு லோடு. நடுவுல கரண்ட் போய்ப் பயமுறுத்திடுச்சு. வந்ததும் மறுபடி ஏத்தி முடிச்சிட்டேன்." சின்னவள் முகமெல்லாம் பெயிண்ட் பொட்டு. சிரித்தாள்.

கரண்ட் போனதா? பெரியவள் வேகமாகக் கணக்குப் போட்டாள். கரண்ட் போனால் மெமரி காலி. வந்ததும் டிஸ்க்கிலிருந்து புதுக் கணக்கு. ஆகக் காலை லோடு முழுக்க முப்பத்திரண்டு. மத்தியான லோடு முழுக்க இருபத்தேழு. ஒரே சுவருக்கு இரண்டு மழைப்பச்சை. அவள் கேட்டது ஒரே ஒரு டின்தான்! அப்போதும் ஒரு போன் போட்டு மேஸ்திரியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தலைவலிக்குது" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஈரத்தில் தெரியாது. காய்ந்த பிறகுதான் பெயிண்ட் தன் சுயரூபத்தைக் காட்டும். மறுநாள் காலை மேஸ்திரி போனில் கத்திய கத்தலில் மாமனார் காபியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். மருமகள்கள் இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

நீளமான நடை. இந்தக் கோடியிலிருந்து பாதி தூரம் வரை மஞ்சள் பூத்த பச்சை. நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மழையில் நனைந்த இலை மாதிரி அழகான பச்சை. கோடு போட்டுப் பிரித்தாற்போல் இருந்தது. ஆஸ்பத்திரி அதிகாரி அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு சுவர்தானே கேட்டோம்? எதுக்கு ரெண்டு?" என்றார்.

மேஸ்திரி, "நான் என்னம்மா பண்ணுவேன், டின்னுல ஒரே பேருதான் போட்டிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாமனாரின் ஆத்திரமெல்லாம் சின்னவள் பக்கம் திரும்பியது. "மின்னலு மின்னலுன்னு ஆடினோமே! இப்ப பாரு, இடி விழுந்திருக்கு என் தலையில! இத்தனை வருஷம் பெரியவ உக்காந்திருந்தா, ஒரு டின் மாறினதுண்டா? மெதுவா வந்தாலும் ஒழுங்கா வந்துச்சு!"

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் பெரியவள் இத்தனை நாள் தவம் கிடந்தாள். வார்த்தைக்கு வார்த்தை அவள் விரும்பியபடியே வந்தது. ஆனால் பாருங்கள், காதில் ஏறினாலும் இனிக்கவில்லை.

சின்னவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய் இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டாள். பிறகு பெரியவளிடம் வந்து தணிந்த குரலில் கேட்டாள்: "அக்கா, நேத்து மஞ்சளைத் திருத்தினதும் அந்தப் பட்டனை அமுக்கினீங்கதானே?"

"எந்தப் பட்டனை?"

"உங்க பேர் போட்டிருக்கே. அதை அமுக்கினா மெமரி காலியாயிடும், புதுக் கணக்கை எடுத்துக்கும். நீங்க நேரா திருத்தறீங்களேன்னுதானே அதை வெச்சேன்."

பெரியவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அந்த ஓட்டையைச் சின்னவள் முதல் வாரமே பார்த்திருக்கிறாள், அடைத்தும் வைத்திருக்கிறாள். அடைப்பின்மேல் இவள் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். இவள் அதைப் பொம்மை என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள்.

"என்ன பட்டன்? என்ன அங்க ரகசியம்?" என்றார் மாமனார்.

சின்னவள் பெரியவள் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன படித்தாளோ, திரும்பிச் சொன்னாள்: "ஒண்ணுமில்ல மாமா. நான் அக்காவுக்கு ஒழுங்கா சொல்லித் தரல. தப்பு என்னோடதுதான்."

"உன்னோடதுதான்! பின்ன யாரோடது? உன் மெமரியும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். இன்னிக்கே எடுத்துடு. பெரியவளே, நீயே உக்காரும்மா."

கடைக்குத் திரும்பியதும் பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சின்னவள் தன் நாலு வரியை எடுத்துவிட்டு, மறுபேச்சில்லாமல் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டாள். நாற்காலி பெரியவளுடையது, மெஷின் அவளுடையது. திரையின் கீழ் மூலையில் மஞ்சள் பட்டன் இருந்த இடம் காலியாக இருந்தது. கண் அங்கேயே போய்ப் போய் நின்றது.

பாதிச் சுவரைத் திரும்ப அடிக்க வேண்டும். வெளியே வண்டி காத்திருந்தது. நம்பரைத் தட்டினாள். புரோகிராம் டிஸ்க்கைத் திறந்தது, பட்டியலைத் துழாவியது, யோசித்தது. ஒரு டின். மறுபடி தட்டினாள். மறுபடி திறந்தது, மறுபடி துழாவியது. மேஸ்திரி அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், "நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன் கம்ப்யூட்டரக்கா" என்று கிளம்பினார். எத்தனை ஆசைப்பட்ட பெயர் அது.

சின்னவள் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, டின் மூடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் குத்தலாகப் பேசியிருந்தால் பெரியவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டினால் திருப்பித் திட்டலாம். துடைப்பவளை என்ன செய்வது?

கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "ஏன் உன்மேல போட்டுக்கிட்ட?"

"என்மேலதானேக்கா தப்பு?" சின்னவள் நிமிர்ந்தாள். "லேபிளைப் படிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் படிக்கல."

"ஏன் படிக்கல?"

"நீங்க படிச்சீங்களேக்கா."

பெரியவள் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எட்டிப் படிச்சதைப் பாத்தேன். ஒண்ணும் சொல்லாம போனீங்க. உங்க கண்ணுக்குத் தப்பினது ஒண்ணு இருக்குமா? அக்காவே பாத்துட்டாங்க, சரியாத்தான் இருக்கும்னு மிச்ச டின்னை எல்லாம் தைரியமா போட்டுட்டேன்." ஒரு மூடியைத் திருப்பி வைத்தாள். "நீங்களும் அவசரத்துல கவனிக்காம போயிட்டீங்க போல. அத்தை வண்டியில காத்திட்டிருந்தாங்களே."

குத்திக் காட்டுகிறாளா என்று பெரியவள் அவள் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெயிண்ட் பொட்டுதான் இருந்தது. அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அந்த நடையில் பாதிச் சுவர் கெட்டுப்போனது மெமரியால் இல்லை, பட்டனால்கூட இல்லை. 'அக்கா பார்த்துவிட்டாள்' என்று ஒருத்தி நம்பியதால்.

அந்த நேரத்திலும் பெரியவளுக்குள் அந்தப் பாழாய்ப்போன பொறாமை தலையைத் தூக்கியது. இவளால் மட்டும் எப்படி இப்படி இருக்க முடிகிறது? இதிலும் என்னை முந்திக்கொண்டாளே! கண்ணில் நீர் முட்டியது. ஆத்திரமா, வெட்கமா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மெஷின் ஒருவழியாக யோசித்து முடித்துச் சொட்டு விட்டது. பெரியவள் லேபிளைக் கிழித்தாள். மஞ்சள் இருபத்தேழு. ஒட்டினாள்.

"நீ எடுத்த அந்த நாலு வரி பத்திரமா இருக்கா?"

"இருக்குக்கா. ஏன்?"

"எங்க விட்டியோ அங்கயே திரும்பப் போடு. பட்டனையும் போடு. என் பேரும் அப்படியே இருக்கட்டும்."

"மாமா திட்டுவாருக்கா."

பெரியவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அதைச் சின்னவள் பக்கம் தள்ளினாள். குலுக்கும் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. போய் அதை நிறுத்தினாள். கடை அமைதியானது. பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"மாமா, கொஞ்சம் உள்ள வாங்க. அந்தச் சுவத்தைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."